இடது பக்கத்து பிரேக்

ஜீப்பை விற்றுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குத் துணையாக வர ஓர் ஆள் வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து மலேசியாவிலிருந்து நான் ஒருவன் கிளம்பினேன். திங்கட்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் இறங்கியபோது வலது கால் மரத்துப்போயிருந்தது. சட்டைப் பையில் பேனா கசிந்து மார்பெல்லாம் நீலம்.

அண்ணன் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, முசிறி தாண்டி, முன்னால் போன மாட்டு வண்டியில் மோதாமல் ஒடித்ததில் ஜீப் வாய்க்காலுக்குள் சாய்ந்தது. அண்ணன் இடது பக்க சீட்டில் இருந்தார். ஓட்டியவர் ஆரோக்கியசாமி என்ற டிரைவர். கால் முறிந்து பிழைத்துக்கொண்டார். குடித்துவிட்டு ஓட்டினார் என்று அவர் மேல் கேஸ். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் போனபோது சாராய வாடை அடித்தது என்று போலீசில் சொன்னது அண்ணி. அந்தப் பேச்சு கோர்ட்டிலும் நின்றால் ஆரோக்கியசாமிக்கு ஜெயில், லைசென்சும் போகும். அவர் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றுதான் நான் போனேன். அதை மறைப்பானேன்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். கண்டக்டர் என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "மலேயாவுங்களா? பொட்டி சொல்லுது. ரெண்டு டிக்கெட்டா எடுத்துக்குங்க சார், அது ஒரு ஆள் எடத்தைப் பிடிக்குது" என்றார். எங்கள் ஊர் பஸ்ஸில் கோழிக்கூண்டுக்குக்கூட டிக்கெட் கேட்க மாட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல் எடுத்தேன். காவிரிப் பாலத்து நடுவில் டயர் வெடித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பெட்டிக்கு வாங்கிய டிக்கெட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

ஆடி மாதம். ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது, வானத்தில் மட்டும் ஒரு மேகமும் இல்லை. எங்கள் தைப்பிங்கில் தினமும் மழை. ஆறு ஈயச் சுரங்கத்துச் சேற்று நிறத்தில் நகரும். பாலத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு தெலுங்குக்காரர் தன் மனைவியிடம், "இத்தனை தண்ணீரைப் பார்த்துவிட்டுக் காலை நனைக்காமல் நிற்கிறோமே" என்றார். அங்கே ரப்பர் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்களோடு வளர்ந்ததால் எனக்குப் புரிந்தது. "உங்களுக்குக் கால், எனக்கு இடுப்பு. வண்டி வந்தால் போதும்" என்றாள் அந்த அம்மாள்.

அடையவளஞ்சான் தெருவில் அண்ணனின் வாடகை வீடு. அண்ணி தொட்டியத்துக்காரர். அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு வேலைப் பெர்மிட் கிடைக்காமல் மலேசியாவை விட்டுக் கப்பலேறிய அண்ணன், இங்கே வந்து வாழைத்தார் வியாபாரம் பிடித்து, நாற்பது வயதில் இவரைக் கட்டினார். குழந்தை இல்லை. அண்ணி என்னைப் பார்த்து அழுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அழவில்லை. "சட்டையைக் கழட்டிக் குடுங்க தம்பி, மை காயறதுக்குள்ள அலசிடறேன்" என்றார்.

மறுநாள் காலை ஜீப்பைப் பார்த்தேன். கோர்ட் ஜாமீனில் திருப்பிக் கொடுத்திருந்தது; வாசலில் நின்றது. இடது பக்கம் நசுங்கியிருந்தாலும் எஞ்சின் கிளம்பியது. நான் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாக மெக்கானிக். இப்படி ஒரு வண்டியைப் பார்த்ததில்லை, ஆனால் இதில் இருந்த ஒவ்வொன்றையும் எனக்கு முன்பே தெரியும். மிலிட்டரி ஏலத்தில் வந்து, நாலு கை மாறி அண்ணனிடம் சேர்ந்த வண்டி அது. வாங்கிய நாளிலிருந்து அண்ணன் மாதத்துக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு கேள்வி என்று எழுதினார். முன்பு வைத்திருந்தவர்கள் செய்துவிட்டுப் போன வேலைகளைப் பற்றித்தான் கேள்வி. இடது சீட்டுக்கு முன்னால் தனியாக ஒரு ஹாரன் பொத்தான், எதற்கு? சாவி போடுகிற இடத்தில் வீட்டுச் சுவரில் பதிக்கும் கறுப்பு சுவிட்சு, ஏன்? டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோலை அடைக்கப் பித்தளைத் திருகு. கூரைக் கம்பியில் வரிசையாக ஏழு கொக்கி. பின்பக்கத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, ஓட்டைக்கு மூடி, மூடிக்குச் சங்கிலி.

நான் வாயில் வந்ததை எழுதிப் போடுவேன். திருகு திருட்டுக்குப் பயந்தவன் வைத்தது. ஹாரன், தன் டிரைவரை நம்பாத முதலாளி வைத்தது. ஓட்டை வெற்றிலை துப்ப; பெரிய வாய்க்காரன். ஊர் விட்டு ஊர் பிரிந்த இரண்டு பேருக்கு வேறு என்ன பேச்சு இருக்கிறது? அந்த ஜீப் எங்களைப் பேச வைத்தது.

கடைசிக் கடிதத்தில் படமே போட்டிருந்தார். இடது பக்கம், தன் காலடியில், இன்னொரு பிரேக் பெடல். வண்டிக்கு அடியில் ஓர் இரும்புத் தண்டால் டிரைவரின் பெடலோடு கட்டியிருந்தது. ஒன்றை மிதித்தால் இரண்டும் இறங்கும். இதைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தார். நான் எழுதிய பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "டிரைவிங் ஸ்கூல் வண்டியாக இருந்திருக்கும். கழற்ற வேண்டாம். ஆரோக்கியசாமி தூங்கிப்போனால் நீங்கள் மிதித்துக்கொள்ளலாம்."

தோட்டத்து வண்டி ஒன்றில் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அறுத்து எறிந்திருப்பேன். அண்ணனுக்கு வேடிக்கை எழுதினேன்.

ஜீப்போடு போலீஸார் ஒரு சாக்குப் பையும் கொடுத்திருந்தார்கள். வண்டிக்குள்ளும் வாய்க்காலிலும் பொறுக்கிய சாமான்கள். ஒரு துண்டு, தராசுக் கொக்கி, வெற்றிலைப் பெட்டி, அண்ணனின் டயர் செருப்பு ஒரு ஜோடி. முன் தகட்டில் சமயபுரத்து அம்மன் படம் ஒட்டியிருந்ததால் அண்ணன் செருப்பைக் கழற்றிப் பின்பக்கம் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார் என்று அண்ணி காலையில் காப்பி கொடுக்கும்போது சொல்லியிருந்தார். ஒரு செருப்பின் மேல் குறுக்காக ஓர் இரும்பு விளிம்பு அழுந்திய தடம் இருந்தது. வார் அந்த இடத்தில் அறுபட்டிருந்தது.

செருப்பு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக இடது பெடலுக்கு அடியில் தள்ளினேன். சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். பழைய வண்டி, பெடல் தரையைத் தொடும்போதுதான் பிரேக் பிடிக்கும். அது தரைக்குப் போகவில்லை. பாதி வழியில் கல்லாக நின்றது. எழுந்து நின்று மிதித்தேன். நின்றது நின்றதுதான்.

செருப்பின் தடத்தில் பெடல் சரியாக உட்கார்ந்திருந்தது. தெரு முனை ஹோட்டலுக்குப் போய்ப் பொங்கல் கேட்டேன். நெய் மிதக்க நல்ல பொங்கல்தான் வந்தது, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

புதன்கிழமை எடமலைப்பட்டி புதூர். அண்ணனுக்கு ஜீப்பை விற்ற மாணிக்கம் அங்கே இருப்பதாக அண்ணி சொன்னார். முன்பு டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், இப்போது மாவு மில் வைத்திருந்தார். ஆட்டோக்காரர் மதுரை ரோட்டில் வெகுதூரம் தாண்டிக் கொண்டுபோய்விட்டு, "நீங்க பழைய புதூர்னு சொல்லலையே சார்" என்று என்மேலேயே திருப்பினார். பழைய புதூர், புதிய புதூர் என்று ஊருக்குப் பெயர் வைப்பவர்களிடம் நான் என்ன வாதாடுவது?

மாணிக்கம் முகமெல்லாம் மாவாக நல்ல மனிதராகத்தான் பேசினார். அண்ணனின் ஆறு வருஷக் கேள்விகளுக்கு ஐந்து நிமிஷத்தில் விடை வந்தது. "ஹாரன் எனக்கு முன்னாடி இருந்த காண்ட்ராக்டர் வச்சதுங்க. டிரைவருக்குக் காது மந்தம், இவரே அடிப்பாரு. சுவிட்சு நான் வச்சேன், சாவி தொலைஞ்சுபோச்சு. கொக்கி எலெக்‌ஷனுக்கு ஸ்பீக்கர் மாட்ட. ஓட்டை என்னத்துக்குன்னு எனக்கும் தெரியாதுங்க, மூடி இருக்கேன்னு விட்டுட்டேன்."

"இடது பக்கத்து பிரேக்?"

"பசங்களுக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கறப்ப நம்ம கையில ஒரு பிடி வேணுமே. கிளட்ச்சும் இருந்துச்சு, அதைக் கழட்டி அடுத்த வண்டிக்குப் போட்டேன். பிரேக்கு வெல்டிங் பலமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

செருப்பு விஷயத்தைச் சொன்னேன். மில்லை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். "வித்த அன்னிக்கே அதை எடுத்திருக்கணும்னு என் தலையில போடுவாங்க சார். மூணு பொம்பளப் புள்ளைங்க எனக்கு. என்னை விட்டுடுங்க." கோபத்தோடு எழுந்தேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு அருகதை இல்லை என்பது பஸ் ஸ்டாப் வருவதற்குள் தெரிந்துவிட்டது. அவர் செய்யாமல் விட்டதும் நான் செய்யாமல் விட்டதும் ஒன்றுதான். அவராவது மெக்கானிக் இல்லை.

வியாழக்கிழமை பாலக்கரை. ஒரு சைக்கிள் நுழைந்தால் எதிரில் வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் ஆரோக்கியசாமியின் வீடு. இறந்தவருடைய தம்பி என்று சொன்னதும் அவர் மனைவி சகாயமேரி வாசலிலேயே கும்பிட்டபடி நின்றுவிட்டார். உள்ளே கட்டிலிலிருந்து ஆரோக்கியசாமி ஊன்றுகோலைத் தேடிக்கொண்டே எழப் பார்த்தார். நான் அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள்.

"உட்காருங்க ஆரோக்கியம். அன்னிக்கு பிரேக் எப்படிப் போச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

"போகலைங்க சார். கல்லு மாதிரி நின்னுடுச்சு. போலீசுல அப்பிடித்தான் சொன்னேன். வண்டி இன்ஸ்பெக்டர் வந்து மிதிச்சுப் பார்த்தாரு, நல்லாப் புடிக்குதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு." வண்டி வாய்க்காலில் சாய்ந்தபோதே செருப்பு விழுந்துவிட்டது, பிறகு ஏன் பிடிக்காது?

"அண்ணன் செருப்பைப் பின்னாடிதானே போடுவாராம்?"

"அன்னிக்குப் பின்னாடி கூரை வரைக்கும் தாரு சார். காலடியிலேயே வச்சுக்கிட்டாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. அவருக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

"குடிச்சிருந்தீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் சகாயமேரி பேசிவிட்டார். "குடிப்பாருங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அது தவக்காலங்க. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டாரு. பன்னெண்டு வருஷமா நாங்க ஒண்ணா இருக்கறதே அந்த நாப்பது நாளை நம்பித்தாங்க."

சுக்குக் காப்பி கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே, நாளைக்கு நான் கோர்ட்டில் பேசுகிறேன் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அவருடைய வக்கீலிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் குடியைப் பத்தி ஒண்ணும் எழுதலை. அந்தம்மா வாயால சொன்னதுதான் இருக்கு. நீங்க சொல்றது எடுபடணும்னா ஒரு ஆதாரம் வேணும். உங்க அண்ணன் இந்தப் பெடலைப் பத்தி எப்பவாவது உங்ககிட்ட கேட்டிருக்காரா? ஒரு லெட்டர், ஒரு படம், ஏதாவது?"

அந்தக் கடிதம் என் பெட்டியில் இருந்தது. அண்ணனின் கடிதங்கள் எல்லாவற்றையும் கட்டி எடுத்து வந்திருந்தேன். அதை நீட்டினால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டாரே, மெக்கானிக்கான நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்?

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப உங்களைக் கூண்டுல ஏத்திப் பிரயோஜனமில்லை. வெறும் யூகம்னு ஒரே அடியில உடைச்சிடுவாங்க. அந்தம்மா மாத்திச் சொன்னாத்தான் இவனுக்கு வழி" என்றார்.

சாயங்காலம் அண்ணி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்று எழுதுகிறேனே, கடிதத்தைச் சொல்லவில்லை. பெடல், தார், செருப்பு, அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் படத்தை ஒட்டினது நான் தம்பி. செருப்போட ஏறக் கூடாதுன்னு சொன்னதும் நான். அவருக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"உங்க மேல தப்புன்னு யாரும் சொல்லலை அண்ணி. ஆஸ்பத்திரியில வாடை அடிச்சுதுன்னு சொன்னீங்களே, அது நெசந்தானா?"

"எப்பவும் அடிக்கும்."

"அன்னிக்கு?"

அண்ணி முறத்தை எடுத்துக்கொண்டார். மறுபடி புடைக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் என் பங்கையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பாரம் இரண்டு தலையில் பிரிந்திருக்கும். நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் மின்விசிறி ஓடவில்லை. அண்ணியைக் கூப்பிட்டார்கள். ஆரோக்கியசாமியின் வக்கீல் பதமாகத்தான் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அன்னிக்கு இவர்கிட்ட வாடை அடிச்சுதா?" அண்ணி அவரைப் பார்க்கவில்லை, ஆரோக்கியசாமியையும் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து பேசச் சொல்லும் வரை பார்த்தார். நான் என் கைவிரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிச்சுதுங்க" என்றார் அண்ணி.

தீர்ப்பு புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது. நானும் ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன். நடுவில் நான்கு நாள். ஊர் சுற்றினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுற்றினேன். மலைக்கோட்டை ஏறினேன், உச்சியில் காற்று வேட்டியைப் பிடுங்கப் பார்த்தது. காந்தி மார்க்கெட்டில் அண்ணனோடு வியாபாரம் செய்த ஒருவர் ரஸ்தாளிச் சீப்பு ஒன்றைக் கையில் திணித்து, "உங்கண்ணன் வண்டியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாருங்க" என்றார். ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்தில் தண்ணீருக்குள் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு இடையே சகாயமேரியைப் போல யாரோ தெரிந்தார்; வேகமாக வேறு படிக்கு நகர்ந்துவிட்டேன். கிறிஸ்தவப் பெண் அங்கே எதற்கு வரப்போகிறார் என்று பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு நாளும் வக்கீல் வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். ஒரு நாள் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. தெரு முனையில் கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்தது. சகாயமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் ஆரோக்கியசாமியைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினார். ஓடிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவர் என் எதிரில் வந்துவிட்டார். திட்டுவார், துப்புவார், ஏதாவது ஒன்று நடக்கும் என்று நின்றேன். நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், வண்டியை யாருக்குக் குடுத்தாலும் அந்தப் பெடலை அறுத்துட்டுக் குடுங்க. வாங்கறவனுக்குத் தெரியாது" என்றார்.

அன்று மத்தியானம் கடைத்தெருவில் ஆக்ஸா பிளேடு வாங்கிக்கொண்டு வந்து, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். தண்டு கெட்டி இரும்பு. மாணிக்கம் சொன்னபடி வெல்டிங் பலம்தான். இரும்புத் தூள் கண்ணில் விழுந்தது. பாதி அறுத்திருப்பேன், பக்கத்தில் அண்ணியின் பாதங்கள் வந்து நின்றன. வெறுங்கால்.

"அந்த லெட்டரை அவர் எனக்கும் படிச்சுக் காட்டினாருங்க தம்பி."

பிளேடு நின்றது.

"டிரைவர் தூங்கிட்டா நீங்க மிதிச்சுக்கலாம்னு எழுதியிருந்தீங்களே, அது. அன்னிக்கு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம்."

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை. கண்ணில் தூள் விழுந்தது நல்லதாகப் போயிற்று. அண்ணி குரலை உயர்த்தவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை.

"கூண்டுல நின்னுக்கிட்டு உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்."

பாதங்கள் திரும்பி வீட்டுக்குள் போயின. மீதிப் பாதியையும் அறுத்தேன்.